இறுக்கி அடித்த தோணி

கோலார் தங்க வயலில் தங்கம் உண்டு, புழுதி உண்டு, நாலைந்து பாஷை உண்டு. கடல் மட்டும் கிடையாது. அதைப் பற்றி ஹிக்ஸ் துரைக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. 1905ஆம் வருஷம் ஐப்பசியில் அவர் மதராஸில் யாரோ விற்ற ஒரு பாய்மரத் தோணியை வாங்கி, கூட்ஸ் வண்டியில் ஏற்றி, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் கொண்டுவந்து இறக்கினார். இருபதடி நீளம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் யானைக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி என்றார்கள். யானை எங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

ஹிக்ஸ் துரை சுரங்கத்தில் உதவி என்ஜினியர். ஊர் முழுவதற்கும் குடிதண்ணீர் கொடுக்கிற பேத்தமங்கலம் ஏரியில், ஜனவரி முதல் தேதி துரைமார்கள் பாய்த்தோணிப் பந்தயம் வைப்பார்கள். போன தடவை இரவல் தோணியில் ஓட்டிக் கடைசியாக வந்தவர் இவர். அந்த அவமானம் மனுஷரைப் பத்து மாசமாக அரித்துக்கொண்டிருந்தது. வாங்கின தோணியோ கோடை முழுக்க மதராஸ் கரையில் காய்ந்து கிடந்தது. பலகைக்குப் பலகை இடுக்கு விட்டு, இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

ஒர்க்‌ஷாப் தச்சர்கள் அதைச் சுற்றி வந்து பார்த்தார்கள். ஜன்னல், கதவு என்றால் சரி, இது எங்களுக்குப் பழக்கமில்லை துரை என்று நாசூக்காகக் கழன்றுகொண்டார்கள். அப்போதுதான் துரைக்கு ஏசுபாதத்தின் ஞாபகம் வந்தது.

ஏசுபாதம் டிம்பர்மேன். பாறையைக் குடைந்துகொண்டு போகும்போது மேலே இருப்பது கீழே வராமல் மரக்கால் கொடுத்து நிறுத்துவது அவன் வேலை. மரக்காலை நிறுத்தி, பாறைக்கும் மரத்துக்கும் நடுவில் ஆப்பை வைத்துச் சம்மட்டியால் அடிப்பான். தட்டினால் கணீரென்று கேட்கிறவரைக்கும் விடமாட்டான். ஒரு காகிதம் நுழைய இடம் இருந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து பதினாலு வருஷம் இப்படி அடித்தவன்.

அந்த வருஷம் ஆடியில் ஒரு ஏர் பிளாஸ்ட் வந்தது. ஆழத்தில் பாறை பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறுவதற்கு அங்கே அதுதான் பேர். ஏசுபாதத்தின் கூட்டாளி நேசமணி அதில் போய்ச் சேர்ந்தான். ஏசுபாதத்துக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. எல்லோரும் ஆண்டவருடைய கிருபை என்றார்கள். ஆனால் பாறை வெடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே, விரலைச் சொடக்குப் போட்டது மாதிரி மரக்கால் ‘டிக்’கென்றது அவன் காதில் விழுந்திருந்தது. மரம் இனித் தாங்காதென்கிற சத்தம் அது. ஷிப்ட் முடிய இன்னும் பத்து நிமிஷம்தானே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டான். இது அவனுக்கும் கர்த்தருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அன்றிலிருந்து ஆட்களைக் கீழே இறக்குகிற இரும்புக் கூண்டில், அந்தக் கேஜில், கால் வைத்தாலே இரண்டு கையும் உதறும். கேஜ் இறங்கும்போது இருட்டு, யாரும் பார்க்கமாட்டார்கள், அதனால் பிழைத்தான். வேலையை விட்டால் கம்பெனி கொடுத்த லைன் வீடு போய்விடும். வீடு போனால் ஞானசுந்தரியையும் மூன்று பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? தினம் ஜெபத்தில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். தரைக்கு மேலே ஒரு வேலை.

ஹிக்ஸ் துரை அவனை வரச்சொல்லித் தோணியைக் காட்டினார்.

“இந்தத் தோணி ஒழுகாம பந்தயம் ஓடணும். ஓடினா நீ ஒர்க்‌ஷாப் ஆளு. அப்புறம் கீழே போக வேணாம். ஓடலேன்னா பழைய இடம்தான்.”

“செய்றேன், தொரை” என்றான் ஏசுபாதம். அதுவரை அவன் தோணி என்ற ஒன்றைப் பார்த்ததே ஸ்டேஷனில்தான்.

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை வாசலில் தோணியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அடி முழுக்கச் செங்காவிச் சாயம், ஒன்றின்மேல் ஒன்றாக விரல் கனத்துக்கு ஏறியிருந்தது. கடலில் கிடக்கிற தோணியின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டும். ஒட்டினது சாகட்டும் என்று செம்பும் பாதரசமும் கலந்த விஷச் சாயத்தை வருஷாவருஷம் பூசுவார்கள். ஏரியில் சிப்பி ஏது? அங்கே அது வெறும் பாரம். அத்தனையையும் சுரண்டி எடுத்துவிடு என்றார் துரை. அதில் என்ன கலந்திருக்கிறதென்று சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்ததோ என்னவோ.

ஏசுபாதம் உளியும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வெயிலில் காய்ந்த சாயம் பொரிந்து, செந்தூளாகப் பறந்து, அவன் மீசையில் படிந்தது. தலைக்கு மேலே வானம் இருந்தது. ஒரு காக்கை வந்து தோணியின் நுனியில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது. இவ்வளவு சந்தோஷம் அவனுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

நாலாம் நாள் சோறு கசந்தது. வாயில் காலணாவைப் போட்டு வைத்த மாதிரி ஒரு ருசி, ஈறெல்லாம் வீக்கம். ஞானசுந்தரி குழம்பில்தான் ஏதோ கோளாறு என்று மறுபடி தாளித்தாள். பக்கத்து வீட்டு இன்பராஜ்தான் கண்டுபிடித்தான். அவனுக்கு வேலை மில்லில். அங்கே அரைத்த கல் தண்ணீரோடு சேர்ந்து, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடும்; தங்கம் ரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்த ரசத்தோடு ஒன்பது வருஷம் குடித்தனம் பண்ணி, முன்பல் ஐந்தைக் காணிக்கை கொடுத்தவன் இன்பராஜ். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். சிரித்தால் வாய்க்குள் பொட்டல்தான் தெரியும்.

“வாயத் தொறண்ணே” என்று பார்த்தான். “இன்னாண்ணே இது, என் வாயி உனுக்கும் வந்துட்ச்சே. அந்தச் சாயத்துல ரசம் கீது. காய்ஞ்சதச் சுரண்டினா தூளு நேரா மூக்குக்குத்தான் போவும். ஈரச் சாக்க மேல போட்டு ஊறவச்சிச் சுரண்டு. மூக்குல துணி கட்டிக்க. கை கழுவாம சோத்துல கைய வைக்காத.”

“மில்லுல நீ அப்டித்தான் செய்றியா?”

“நான் எங்க செஞ்சேன்? அதான் பல்லு போச்சு.”

ஏசுபாதம் அவன் சொன்னபடி செய்தான். ஒரு வாரத்தில் சோறு சோறாக ருசித்தது. ஆனால் ரசம் என்ற பேச்சு லைனுக்குள் பரவியதும் வேறு தொல்லை வந்தது. ரசமும் செம்பும் இருந்தால் தங்கமும் இருக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. வாட்ச்மேன் முனிரத்தினம் சுரண்டின மூட்டையை அவிழ்த்து, இரும்புச் சட்டியில் போட்டு, மூன்று நாள் அலசிப் பார்த்தான். கை நிறையச் செஞ்சேறு கிடைத்தது. கடைசியில் அவனே வெறுத்துப்போய், மில்லில் தங்கம் எடுத்த சக்கையைக் கொட்டிக் கொட்டிப் புல்கூட முளைக்காத சயனைட் மண்மேட்டில் குழி தோண்டிப் புதைக்க ஒத்தாசை செய்தான்.

சாயம் போனதும் அசல் மரம் தெரிந்தது. நல்ல தேக்கு. ஏசுபாதம் கொட்டாப்புளியால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே வந்தான். எல்லாம் கணீரென்றது. அடிக்கட்டையை ஒட்டிய ஒரே ஒரு பலகை மட்டும் பொத்தென்றது. உளியால் குத்தினால் வெல்லம் மாதிரி உதிர்ந்தது. சாயத்துக்கு அடியிலேயே உளுத்துப் போயிருந்தது. அதைக் கழற்றி, புதுத் தேக்கை நீராவியில் வேகவைத்து வளைத்து, அதே இடத்தில் பொருத்தினான். அந்தப் பலகை உட்கார்ந்த அழகைப் பார்த்து ஒர்க்‌ஷாப் தச்சர்களே மெச்சினார்கள். கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

மிச்சம் இருந்தது இடுக்குகள். துரை ஒரு மூட்டைப் பஞ்சும் எண்ணெயில் குழைத்த மக்கும் கொடுத்து, பஞ்சைத் திரித்து இடுக்கில் திணித்து மேலே மக்கைப் பூசு, மதராஸில் அப்படித்தான் சொன்னார்கள் என்றார். ஏசுபாதம் பஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தான். காதில் வைக்கிற பஞ்சு. இதை நம்பி உசிரை வைப்பதா? பதினாலு வருஷத்தில் அவன் பஞ்சால் அடைத்த இடம் ஒன்றுகூட இல்லை. அவன் தேக்கை மெல்லிய ஆப்புச் சக்கைகளாகச் சீவினான். அவற்றை வெயிலில் போட்டு முறுக முறுகக் காயவைத்தான். ஒவ்வொரு இடுக்கிலும் வைத்து, கணீரென்று கேட்கிறவரைக்கும் அடித்து இறக்கினான். பன்னிரண்டு நாள் அடித்தான். கடைசி நாள் கவிழ்ந்த தோணிக்குள் படுத்து மேலே பார்த்தான். ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை.

ஹிக்ஸ் துரை தடவிப் பார்த்தார். வழவழவென்றிருந்தது. பஞ்சு எங்கே என்று கேட்டார். இது பஞ்சைவிட உறுதி தொரை என்றான். துரையும் பரம்பரையாகச் சுரங்கத்தில் பிழைத்த மனுஷர்தானே! இறுக்கி அடித்த ஆப்பைப் பார்த்தால் அவர் மனசும் குளிர்ந்தது. வெரி குட் என்று முதுகில் தட்டினார். மேலே வெள்ளை வண்ணம் பூசினார்கள்.

டிசம்பர் முப்பது, சனிக்கிழமை மத்தியானம். இரட்டை மாட்டு வண்டியில் தோணி பேத்தமங்கலத்துக்குப் போய் ஏரியில் இறங்கியது. துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஏசுபாதத்திடம் காட்டினார். ஒர்க்‌ஷாப் ஃபோர்மனுக்கு எழுதியது. தேதி ஜனவரி இரண்டு என்று போட்டிருந்தது. பந்தயம் முடிந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று மறுபடி பையில் வைத்துக்கொண்டார். ஏசுபாதம் அவருக்குத் தெரியாமல் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தோணிக்குக் காவலாக அவனையே கரையில் விட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. ஏரிக்கரையிலேயே ஜெபம் செய்தான். மத்தியானம் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

டிக்.

கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. ஏரி அசையாமல் கிடந்தது. தோணியும் அசையவில்லை. வெகுநேரம் கழித்து இன்னொரு டிக். எழுந்துபோய்த் தண்ணீரில் இறங்கித் தோணியின் வயிற்றில் கையை வைத்தான். நேற்று வழவழவென்று இருந்த பலகைச் சந்துகள் முழங்கை மூட்டு மாதிரி புடைத்திருந்தன.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. மரம் தண்ணீர் குடித்தால் ஊதும். சுரங்கத்தில் அது நல்லது. ஊத ஊத மரக்கால் பாறையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும், பாறை எங்கேயும் போகாது. இங்கே பாறை இல்லை. இருபது பலகையும் ஒரே சமயத்தில் ஊதி ஒன்றையொன்று நெருக்கினால், பஞ்சாக இருந்தால் நசுங்கி இடம் கொடுத்திருக்கும். அவன் அடித்த தேக்குச் சக்கை கொடுக்காது. அதனால் பலகைகள் உள்ளே வளைந்திருந்த விலாச் சட்டங்களை விட்டு வெளியே பிய்த்துக்கொண்டு வரப் பார்த்தன. மதராஸில் எந்த மீன்காரனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். தங்க வயலில் கேட்க ஆள் இல்லை. கொடுத்த பஞ்சையும் இவன் மதிக்கவில்லை.

அன்று முழுக்க அவன் அந்தச் சத்தங்களை எண்ணிக்கொண்டிருந்தான். பந்தயம் அரைமணி நேரம். அரைமணி தாங்கினால் போதும். துரை ஓட்டிவிட்டு வருவார், கையெழுத்துப் போடுவார், அதற்கப்புறம் தோணி எக்கேடு கெட்டால் என்ன? இன்னும் ஒழுகக்கூட இல்லையே. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை துரைமார்களும் துரைசானிகளும் குதிரை வண்டிகளில் வந்து இறங்கினார்கள். பாண்டு வாத்தியம் வந்தது. லைனிலிருந்தும் ஒரு கூட்டம் நடந்தே வந்திருந்தது. இன்பராஜ் சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் நின்றான். காற்று பலமாக அடித்தது. தோணி சாயாமல் இருக்க உள்ளே பாரம் வேண்டும், ஒரு ஆள் ஏறு என்றார் ஹிக்ஸ் துரை. அவர் சொல்லி முடிப்பதற்குள் இன்பராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

“அண்ணே, நீ செஞ்ச தோணில மொத சவாரி நான்தான்” என்று கரையைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான்.

இன்பராஜுக்கு நீச்சல் தெரியாது. லைனில் யாருக்கும் தெரியாது. பாயை ஏற்றினார்கள். பாய்மரம் லேசாகச் சாய்ந்தது. டிக் டிக்கென்று இரண்டு முறை சேர்ந்தாற்போல் கேட்டது. பாண்டு வாத்தியத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ஏசுபாதம் இடுப்பளவு தண்ணீரில் ஓடிப்போய்த் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“எறங்குங்க தொரை. இன்பராஜு, எறங்குடா. இது தாங்காது.”

துரைக்கு முகம் சிவந்தது. “ஒழுகலையே! குடிச்சிருக்கியா?”

“குடிக்கல தொரை. மரம் முறியிற சத்தம் கேக்குது. தப்பு என்னுது. நான்தான் தப்பா அடிச்சிட்டேன். எறங்குங்க.”

கரையில் சில துரைமார்கள் சிரித்தார்கள். ஹிக்ஸ் துரை கையை ஓங்கினார். ஏசுபாதம் பிடியை விடவில்லை. துப்பாக்கி சுட்டுப் பந்தயம் தொடங்கிவிட்டது. மற்றத் தோணிகள் போய்விட்டன. வேறு வழியில்லாமல் துரை இறங்கினார். இன்பராஜும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கினான். பத்துப் பேர் சேர்ந்து தோணியைக் கரைக்கு இழுத்தார்கள். மேட்டில் ஏற்றி அது ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், புதுசாகப் போட்ட அந்த அழகான பலகை ‘பட்’டென்று தெறித்து முழ நீளத்துக்கு வெளியே வந்து நின்றது. துரை உள்ளே குனிந்து பார்த்தார். பதினெட்டு விலாச் சட்டத்தில் ஏழு முறிந்திருந்தது. நடு ஏரியில் அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்குமென்று அவர் யோசித்த மாதிரி தெரிந்தது. ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினார்.

“இந்தச் சத்தம் உனக்கு எப்படிக் கேட்டது?”

“கேக்கும், தொரை. மரம் போறதுக்கு முன்னாடி எனக்குக் கேக்கும்.”

“சுரங்கத்திலேயும் கேக்குமா?”

ஏசுபாதம் தலையைக் குனிந்துகொண்டான். “கேக்கும்.”

ஹிக்ஸ் துரை கெட்ட மனுஷர் இல்லை. கன்னத்தில் அறையவில்லை, வேலையை விட்டுத் துரத்தவும் இல்லை. பையிலிருந்த கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, புதன்கிழமை வேறொரு கடிதம் எழுதினார். ஏர் பிளாஸ்ட் அதிகமாக வருகிற, அடியாழத்துக் கடைசி லெவலுக்கு ஏசுபாதம் டிம்பர் மேஸ்திரி. இப்படிப்பட்ட காது உள்ளவனை மேலே வைத்து ஜன்னல் இழைக்க விடுவது முட்டாள்தனம், கீழே இருந்தால் நாற்பது பேருடைய உசிர் தப்பும் என்று அவர் சொன்னாராம். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. லைனில் எல்லோரும் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்பராஜ் தெருத்தெருவாகப் போய்க் கதையைச் சொன்னான். ஞானசுந்தரி அடுப்பைப் பார்த்தபடி, “வாயத் தொறக்காம இருந்திருக்கலாம் நீங்க” என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு அவனுக்குக் கட்டுச்சோறு கட்டினாள்.

வியாழக்கிழமை முதல் ஷிப்டுக்குப் போகிற வழியில் தண்ணீர்க் குழாயடியில் ஜெயம்மா நின்றுகொண்டிருந்தாள். நேசமணியின் பெண்சாதி. ஏசுபாதத்தின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, மில்லில் வேலை செய்கிற தம்பியின் லைன் வீட்டில் இருந்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும்.”

அவன் நின்றான்.

“மரம் போறதுக்கு முன்னாடி உனுக்குக் கேக்கும்னு ஊரே சொல்லுது. அன்னிக்கும் கேட்டுச்சா?”

இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியாது.

“கேட்டுச்சு, தங்கச்சி.”

“எத்தினி நேரம் முன்னாடி?”

“பத்து நிமிசம்.”

ஜெயம்மா யோசித்தாள். “பத்து நிமிசத்துல அவுரு ஏணிகிட்ட வந்திருக்கலாம்ல.”

“வந்திருக்கலாம்.”

அவள் குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல் வீட்டுக்குப் போனாள். ஷிப்ட் சங்கு ஊதியது.

கேஜில் ஏற்கனவே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். மேஸ்திரி வருகிறார் என்று நடுவில் இடம் விட்டார்கள். முன்பெல்லாம் அவனை யாரும் கவனிக்கமாட்டார்கள். இப்போது கேஜ் இறங்குவதற்கு முன்பே ஒருவன் மெழுகுவத்தியைத் தூக்கிப் பிடித்து அவன் முகத்தைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். ஏசுபாதம் இரண்டு கையையும் அக்குளுக்குள் இறுக்கி வைத்துக்கொண்டான்.

“இன்னா மேஸ்திரி, எதனா கேக்குதா?”

“ஒண்ணியும் கேக்கல. வுடு” என்றான். மணி அடித்தது, கேஜ் இறங்கியது.